தணல் தீவுகளின் கடைசிப் படகு

பிப்ரவரி 6, 2024 – செவ்வாய்

சூப்பர் மார்க்கெட் சமையல் பகுதியில் இன்று உருளைக்கிழங்குக் குரோக்கெட் சலுகை விலை. பொரித்துப் பொரித்துக் கை மரத்துவிட்டது, நின்று நின்று முழங்கால் வலி. குளித்தும் எண்ணெய் வாசனை போகவில்லை. வீட்டுக்கு வந்தால் என் கணவர் தெருவோ கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு கைப்பேசியில் மூழ்கியிருந்தார். பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றது முதல் அவருக்கு அதுதான் உலகம்.

"மினெ, நீ பண்ணின வீடியோ ஆட்டம் ஒண்ணு இருந்துச்சே, தீவு தீவாத் தணலைத் தூக்கிட்டுப் போற பொண்ணு. அதைத் திரும்பப் பண்றாங்களாம்."

முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு பொய் சொல்வது அவருக்குக் கைவந்த கலை. நம்பாமல்தான் வாங்கிப் பார்த்தேன். 'தணல் தீவுகள் – முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, விடுபட்ட கடைசி அத்தியாயத்துடன்.' விடுபட்ட கடைசி அத்தியாயம் என்ற மூன்று சொல்லையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்றே நினைவில்லை.

கீழே ஒரு படம். பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் சிரிக்கிறார். 'படைப்பாளர்: கடற்பாசி மாமா.'

ஒனுகி. என் பழைய கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்த ஒனுகி.

"கடற்பாசி மாமா நீதானே?" என்றார் தெருவோ.

நான்தான்.

பிப்ரவரி 7

இரண்டு தட்டு குரோக்கெட் கருகிவிட்டது. மேலாளர் ஒரு பார்வை பார்த்தார்.

பிப்ரவரி 9 – வெள்ளி

அந்தக் காலத்தில் ஆட்டம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்களில் ஒருவர் பெயரும் உண்மை இல்லை. போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுமே என்று எல்லா இடத்திலும் புனைபெயர்தான். வறுத்த மீன், தூங்கும் பூனை, மூன்றாவது மாடி. எனக்குப் பெயர் வைத்தவர் முதலாளி. "பொம்பளை எழுதின கதைன்னு தெரிஞ்சா பசங்க வாங்க மாட்டாங்க, மாமான்னு இருக்கட்டும்" என்றார். நானும் சிரித்துக்கொண்டு சரி என்றேன். இருபத்தேழு வயது, கதை என்னுடையது, வரைந்த படங்களில் முக்கால்வாசி என்னுடையது. அது போதும் என்று இருந்தது.

நகி என்ற சிறுமி. சுற்றியுள்ள தீவுகளில் எல்லா அடுப்பும் அணைந்துவிட்டது. அம்மாவின் அடுப்பிலிருந்து ஒரு தணலைச் சட்டியில் எடுத்துக்கொண்டு, ஊதி ஊதிக் காப்பாற்றி, தீவு தீவாகப் போய்த் தீ கொடுக்கிறாள். கடைசி அத்தியாயத்தை நான் எழுதுவதற்குள் முதலாளி கத்தரியை எடுத்துவிட்டார். புத்தாண்டு விற்பனைக்குக் கடையில் இருந்தாக வேண்டும். அதனால் நகி படகில் ஏறுகிறாள், கடல் இருட்டாகிறது, முடிந்தது. வாங்கிய பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். விற்கவில்லை. கொஞ்ச வருடத்தில் எங்கள் நாமினோ கம்பெனியே மூடிவிட்டது. ஆட்டத்தை உலகமே மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

படகு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அன்றும் தெரியும், இன்றும் தெரியும்.

ஒனுகியின் பேட்டியை இன்று முழுதாகப் படித்தேன். நகி நடுக்கடலில் இறந்துவிடுகிறாளாம். தன்னையே எரித்து வெளிச்சம் தருகிறாளாம். "ஆரம்பத்திலிருந்தே அதுதான் என் எண்ணம்" என்கிறார்.

செத்துப் போறாளாம். யாரைக் கேட்டு?

பிப்ரவரி 18 – ஞாயிறு

ஆட்டத்தைத் திரும்பப் பண்ணும் டோக்கியோ நிறுவனத்துக்கு எழுதியதற்குப் பதில் வந்தது. இந்த ஆட்டத்தின் மீது தாங்கள் வைத்திருக்கும் அன்புக்கு நன்றி. அவ்வளவுதான். தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒரு பெண், குரலில் அத்தனை பணிவு. "அம்மா, உங்களை மாதிரி நிறையப் பேர் நான்தான் எழுதினேன்னு கூப்பிடறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

எழுதியவளுக்கு மட்டுமே தெரிந்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாள். மூன்றாவது தீவில் கிணற்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்த பூனையைச் சொன்னேன். அது எல்லோருக்கும் தெரியுமாம். ரசிகர்கள் அந்த ஆட்டத்தைப் பிரித்து மேய்ந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் இணையத்தில் போட்டுவிட்டார்களாம். முதலாளி செத்துவிட்டார். நிரல் எழுதிய ஷிமொமுராவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணமானதும் வேலையை விட்டுவிடுவது அப்போதைய வழக்கம், நானும் பூச்செண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னை நான் என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

மார்ச் 3 – ஞாயிறு

நிப்பொன்பாஷி கடைத்தெருவுக்குப் போனேன். பழைய ஆட்டங்கள் விற்கும் கடையின் மாடியில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் நடக்கிறதாம். ஒவ்வொருவரும் மறந்துபோன ஒரு ஆட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, இது ஏன் திரும்பி வரவேண்டும் என்று பேச வேண்டும். ராமென் நூடுல்ஸ் வண்டி தள்ளும் ஆட்டத்துக்காக ஒருவர் கெஞ்சினார். தபால் கொண்டுபோகும் நாய்க்கு இரண்டாம் பாகம் ஏன் வரவில்லை என்று ஒருத்தி அழுதே விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. இப்படி மனிதர்கள் இருப்பதே இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

கடைசியில் பச்சைத் தொப்பி எழுந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

மாடிப்படியில் அவரை மடக்கிப் பிடித்தேன். "தொகுரா" என்றார். என் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட இப்போது யாருமில்லை.

"என் பேரை எப்படி எடுத்தீங்க?"

"எடுக்கல. கொடுத்தாங்க. நீங்க போனப்புறம் கார் ரேஸ் ஆட்டம் ஒண்ணு பண்ணினோம், எனக்கு முதல் ஆட்டம். கடற்பாசி மாமாங்கிற பேர் சும்மாத்தானே கெடக்கு, நீ வெச்சுக்கோன்னார் முதலாளி."

"அப்ப கார் ரேஸைச் சொல்லிக்குங்க."

"அதை யாரு ஞாபகம் வெச்சிருக்கா? பேரைக் கேட்டதும் எல்லாரும் தணல் தீவுகளைத்தான் கேட்டாங்க. முதல் தடவை, அது நான் இல்லைன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் சொல்ல முடியல."

வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். படியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார்: "ஆனா தொகுரா, வருஷா வருஷம் இந்த மாடி ஏறி, நாலு பேர் இருந்தாலும் அந்த ஆட்டத்தைப் பத்திப் பேசினவன் நான். நீங்க எங்க இருந்தீங்க?"

இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 4

எங்க இருந்தேனா? மாமியாரைக் குளிப்பாட்டிட்டு இருந்தேன். அவங்க போனப்புறம் குரோக்கெட் பொரிச்சிட்டு இருந்தேன். தொப்பி போட்டுக்கிட்டு மேடை ஏற எனக்கு நேரம் இருந்துச்சா? கேக்கறான் பாரு கேள்வி.

— ஆனால் உண்மைதானே. நான் போகவே இல்லை.

மார்ச் 12 – செவ்வாய்

மத்தியானம் கூட்டம் அடங்கிய நேரம், எப்படித் தேடிப் பிடித்தாரோ, ஒனுகி கடைக்கே வந்து நின்றார். தொப்பி இல்லை. வழுக்கை. குரோக்கெட் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். பின்புறம் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னேன்.

எல்லாவற்றையும் டோக்கியோவில் சொல்லிவிட்டாராம். வேலைக்குப் பொறுப்பான செகாவா என்ற பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதை நீங்க என்கிட்ட சொல்லலைன்னு வெச்சுக்கறேன்" என்றாளாம். படைப்பாளரே திரும்பி வருகிறார் என்று சொல்லித்தான் மேலிடத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறாள். யார் படைப்பாளர் என்று தகராறு கிளம்பினால் ஒரே நாளில் மூடிவிடுவார்கள். இவ்வளவு சின்ன ஆட்டத்தை இன்னொரு தடவை எவரும் தொடமாட்டார்கள்.

"உங்க பேரைச் சொன்னா ஆட்டம் போயிடும். ஆட்டம் வேணும்னா பேர் போயிடும். நீங்க எப்படிச் சொன்னாலும் செய்யறேன். மூடிடுங்கன்னு சொன்னா நானே போய் மூடிடறேன்."

"நகி சாகறான்னு ஏன் சொன்னீங்க?"

"படகு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலியே. தெரியாதவனுக்குச் சாகடிக்கறதுதான் சுலபம்."

கையில் இருந்த குரோக்கெட்டை அவர் கடிக்கவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

மார்ச் 13

வேண்டாம். ஆட்டமே வேண்டாம். மறந்தே போகட்டும்.

மார்ச் 16

வேண்டாம் என்று எழுதியாகிவிட்டது. இருந்தும் அரிசி கழுவும்போது நகி, துணி காயப்போடும்போது நகி. சட்டியைப் பிடித்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருக்கிறாள், ஊதிக்கொண்டே இருக்கிறாள். அந்த இருட்டில் அவளை ஏற்றி உட்காரவைத்தது யார்? நான் இல்லாமல் யார் இறக்கிவிடுவார்கள்?

பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 20 – புதன்

இரவும் பகலும் சமமாகும் நாள், முன்னோரைக் கும்பிடும் நாள். அம்மாவின் கல்லறைக்குப் போனோம். கல்லைத் தேய்த்துக் கழுவி, பூ மாற்றி, பயற்றம் பூரணம் வைத்த அரிசி உருண்டையைப் படைத்தோம். தெருவோ வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் படகு எங்கதான் போகுது? இத்தனை வருஷமாக் கூட இருக்கேன், எனக்கே சொல்லலியே நீ."

"நீங்க கேக்கல."

"இப்பக் கேக்கறேன்."

சொன்னேன். முதல் தடவையாக ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னேன். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் ஆள், வாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்தப் பொண்ணையா அந்தாளு சாகடிக்கப் போறான்?"

"ஆமா."

"அப்ப உனக்குப் பேரு பெருசா, பொண்ணு பெருசா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ரெண்டும் வேணும். எனக்கு ரெண்டுமே வேணும். எல்லாத்துலயும் நான்தான் ஒண்ணை விடணுமா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த குடும்பம் ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தது. அழுகை நிற்கவே இல்லை. தெருவோ அவர்களைப் பார்த்துக் குனிந்து வணங்கி, "மாமியார்னா உயிரு இவளுக்கு" என்று சமாளித்தார். இது என் அம்மா, மாமியார் இல்லை என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

ஏப்ரல் 7 – ஞாயிறு

ஸ்டேஷன் காபிக் கடையில் ஒனுகியை வரச்சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

படகு வீட்டுக்குப் போகிறது. நகி கிளம்பிய தீவுக்கு. எல்லாத் தீவிலும் விளக்கு எரிகிறது, அவளுடைய தீவு மட்டும் கரி இருட்டு. ஏனென்றால் அம்மாவின் அடுப்பில் இருந்த ஒரே தணலைத்தான் அவள் எடுத்துக்கொண்டு போனாள். அம்மா அதைச் சொல்லவே இல்லை. எடுத்துக்கோ, இன்னும் நிறைய இருக்கு என்றுதான் சொன்னாள். இத்தனை நாளும் அந்தக் குளிரில், இருட்டில், பச்சையாகத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். நகி படியேறி வந்து, சட்டியில் மிச்சமிருக்கும் கடைசிப் பொறியை அந்த அடுப்பில் வைத்து ஊதுகிறாள். ஆடுகிறவர்தான் ஊத வேண்டும். எரிந்தால்தான் அம்மாவின் முகம் தெரியும்.

ஒனுகியின் பேனா பாதியில் நின்றுவிட்டது. "அவ வீட்டு அடுப்பா" என்றார். அதற்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்றேன். அவள் தன் காலில் நடந்து கரை இறங்க வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

"உங்க பேரை எங்கயாவது சின்னதா—"

"வேண்டாம். சின்னதா வேண்டாம்."

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். சரியான காரியம்தான் செய்தேன் என்று நிம்மதி வரும் என்பார்கள். வரவில்லை.

ஜூன் 30, 2025

ஒனுகியிடமிருந்து வெகுநாளாகத் தகவல் இல்லை. நானாகக் கேட்கமாட்டேன்.

அக்டோபர் 23, 2025 – வியாழன்

வெளிவந்துவிட்டது. வாங்கவில்லை. தெருவோ வாங்கட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். தைரியம் இல்லை. மேலிடத்தில் யாராவது மாற்றியிருந்தால்? நகி செத்திருந்தால்? பேரும் போய், அவளும் போய் — அதைப் பார்க்க என்னால் முடியாது.

நவம்பர் 14, 2025 – வெள்ளி

சுகிதா தலைமுடியை வலைக்குள் செருகிக்கொண்டே வந்தாள். கடையில் புதிதாகச் சேர்ந்தவள், இரண்டு பிள்ளைக்காரி, வாய் ஓயாது.

"அக்கா, நேத்து முடிச்சிட்டேன். ரயில்ல அழுத அழுகைல பக்கத்து ஆள் எழுந்து வேற பெட்டிக்கே போயிட்டான்."

"எதை முடிச்சே?"

"தணல் தீவுகள்னு ஒரு ஆட்டம். சின்னப் பிள்ளைல அண்ணனோட உக்காந்து ஆடினது. படகு எங்க போச்சுன்னு தெரியாமலேயே வளந்துட்டோம். வீட்டுக்குப் போயிருக்கா, அக்கா. கடைசித் தணல் அம்மா அடுப்புக்கு. ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு வர்றா, அங்க அம்மா இருட்டுல உக்காந்திருக்கா. ரயில்ல வெச்சு நான் போனைப் பிடிச்சு ஊதறேன், ஊதறேன், எரியவே மாட்டேங்குது."

கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைத்தேன். "எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. முகம் தெரிஞ்சுது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒரு கிழவர் எழுதினதாம், கடற்பாசி மாமான்னு. ஆம்பளைக்கு அந்த அடுப்பு எப்படித் தோணுச்சுன்னுதான் எனக்குப் புரியல."

"யாராவது சொல்லியிருப்பாங்க."

"போங்கக்கா. இப்படியெல்லாம் சொல்லிக் குடுத்து வராது." மாவுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வயிறும் எரிந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். நகி கரை இறங்கிவிட்டாள். ஒனுகி ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

"ரெண்டாம் பாகம் எழுதணுமே அவரு, அதான் என் கவலை" என்றாள் சுகிதா. "வயசான மனுசன். உசுரோட இருக்காரோ என்னவோ."

"இருக்கார்" என்றேன். "முழங்கால்தான் கொஞ்சம் வலி."

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். அடுத்த தட்டை எண்ணெயில் போட்டேன்.