கர்த்தருடைய அரிசி

நேற்றுச் சாயங்காலம் போடி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒருவர் கறுப்புக் குடையை மடக்கி உதறினார். நனைந்த குடைத்துணியின் வாடையும் அவர் வாயில் அடக்கியிருந்த கிராம்பின் வாடையும் சேர்ந்து வந்ததுதான் தாமதம், என் கை தன்னால் போய்ச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் உறைத்தது, நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று. உடனே கழற்றினேன். அதற்குக் கீழே இருந்ததையும் சேர்த்துக் கழற்றினேன்.

உபதேசியார் ஐயா, செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அந்தப் பாடம் நடத்திய அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்களைப் பிடிக்காது. நீங்கள் இருந்தபோது முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை கிளம்பி வந்து, வாய் திறந்ததும் 'ஸ்தோத்திரம் ஐயா' என்று சொல்லிவிட்டுத் திரும்பியவன் நான். இந்தக் கடிதத்தில் அந்த ஸ்தோத்திரம் கிடையாது.

அப்போது நாங்கள் போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் ஒரு வீட்டில் இருந்தோம். பச்சைக் காயைக் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுவது என் சோலி. சிலமலையில் எங்கள் வீட்டில், "வேதக்காரியக் கட்டிக்கிட்டு இந்த வாசப்படி ஏறாத" என்று சொல்லிவிட்டார்கள். நானும் ஏறவில்லை. எஸ்தர் என்னை நம்பி வந்தவள். பெரியவள் அப்போதுதான் நடந்து பழகி ஓட ஆரம்பித்திருந்தாள். சின்னவன் கைப்பிள்ளை. என்னையும் சேர்த்தால் மூன்று பிள்ளைகள் என்று எஸ்தர் சொல்லுவாள், அது சரியான கணக்குத்தான்.

தோட்டத்தில் அந்தத் தகரக்கூரைக் கோவிலுக்கு நீங்கள்தான் ராஜா. குருவானவர் மாதம் ஒருமுறை போடியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். மற்ற நாளெல்லாம் உங்கள் ராஜாங்கம். எங்கள் வீட்டு வாசலில் குடை உதறும் சத்தம் கேட்டாலே நான் பானைப் பக்கமாக ஒதுங்கிவிடுவேன். உள்ளே வந்ததும் முதலில் என்னைப் பார்க்கமாட்டீர்கள், என் சட்டையைத்தான் பார்ப்பீர்கள். "ஜெபத்துக்கு நிக்கிறப்ப நெஞ்சைத் தெறந்து போட்டுக்கிட்டா நிப்பீரு? பித்தானைப் போடும்." ஞானஸ்நானம் வாங்காதவன் என்பதால் எனக்குப் பெயரே கிடையாது. எஸ்தரிடம், "அஞ்ஞானி எங்கே, ஸ்டோருக்குப் போயிட்டானா?" என்று கேட்பீர்கள். நான் பானைக்குப் பக்கத்திலேதான் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் ஜெபம் ஆதாமில் தொடங்கும். நீங்கள் எகிப்துக்கு வந்து சேருவதற்குள் சோறு குழைந்துவிடும். எஸ்தருடைய ஜெபம் அப்படியில்லை. இடுப்பில் சின்னவனை வைத்துக்கொண்டு, ஈர விறகை ஊதிக்கொண்டே, "ஆண்டவரே, இந்தப் பாழாப்போன அடுப்பு எரியட்டும், ஆமென்" என்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கையை வைத்து, "நீரே பாத்துக்கும், எனக்குத் துணி துவைக்கணும்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிதான் இருக்கும். சாமியிடம் இப்படியும் பேசலாம் என்று அவளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதெல்லாம் நின்றுகொண்டே தூங்குவது எப்படி என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் கோவிலில் சிணுங்கினால் போதும், பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "பிள்ளையை வெளியே கொண்டுபோங்க" என்பீர்கள். எஸ்தர் ஜன்னல் வழியாக அவனை என்னிடம் நீட்டுவாள். வெளியே செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பவன் நான். சபையில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அது.

பிடி அரிசி விஷயம் எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் எஸ்தர் ஒரு பிடியை எடுத்து, கண்ணை மூடித் திறந்து, பிஸ்கட் டின்னில் போடுவாள். ஏதோ திருஷ்டி கழிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏ எஸ்தரு, இருக்கிறதே அரைப்படி. அதுலயும் ஒரு பிடிய எடுத்தா நம்ம எப்ப உருப்படுறது?"

"அது நம்மளோடது இல்லங்க. கோவிலுக்கு. எங்க ஆத்தா எடுத்தா, நானும் எடுக்கிறேன்."

"உங்க ஆண்டவரு பொங்கியா திங்கப் போறாரு?"

"நீங்க திங்கிறதுல பாதியக் கொறச்சா அவருக்கும் ஆகும், நமக்கும் ஆகும்."

மாதக் கடைசியில் நீங்கள் வந்து டின்னைக் கவிழ்த்துக்கொண்டு போவீர்கள். மற்ற வீடுகளில் நினைத்தபோதுதான் பிடி விழும், எங்கள் டின்தான் கனக்கும். சபைக்காரர் வீடுகளில் சேர்ந்ததெல்லாம் கோவில் செலவுக்குப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அந்த வருஷத்து ஐப்பசி மழை உங்களுக்கு மறந்திருக்காது. ரோட்டில் மண் சரிந்து, போடியிலிருந்து அரிசி லோடு ஏற்றி வந்த ஜீப்பு பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. லயத்தில் ஒவ்வொரு அடுப்பாக அணைந்தது. நாங்கள் பெரியவர்கள் காட்டுக் கிழங்கையும் பாலில்லாத கட்டன்சாயாவையும் வைத்துச் சமாளித்தோம். பிள்ளைகளுக்குச் சாயாவைக் கொடுத்து எத்தனை நேரம் ஏய்க்கிறது? எஸ்தருக்குப் பால் வற்றிப்போய், சின்னவன் அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். பக்கத்து வீட்டு ஞானம்மாவின் மகள் எங்கள் வாசலில் வந்து சும்மா நின்றாள். உள்ளே அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எஸ்தர் டின்னை இறக்கினாள். மூடியைத் திறப்பதற்கு முன்னால் அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே காதில் நிற்கிறது. "ஆண்டவரே, உமக்குன்னு எடுத்து வச்சதுதான். இப்ப எடுக்கிறேன். கோவம்னா என்கிட்ட கேளும், பிள்ளைககிட்டக் கேக்காதேயும்."

லயத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் கஞ்சி ஊற்றினாள். கடைசியில் பானையைக் கழுவிக் குடித்த பெருமை எனக்கு.

சரிந்த மண்ணுக்கு மேலே ஆள் நடக்க வழியானதும், கீழே உங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாக ஏறி வந்தது நீங்கள்தான். முழங்கால்வரை சேறு, அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம். எங்களைத்தான் விசாரிக்க வருகிறீர்கள் என்று நினைத்தேன். வாசலில் நின்றபடியே, "எஸ்தர், டின்னைக் கொண்டா" என்றீர்கள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. "அரிசி இல்லங்கய்யா. பிள்ளைகளுக்குப் பொங்கிட்டேன். உள்ள வாங்க, கெழங்குக் கஞ்சி இருக்கு, ஒரு வாய் குடிங்க."

உங்கள் முகம் போன போக்கு! "கர்த்தருடைய அரிசி! கர்த்தருடைய அரிசியில கை வச்சுட்டியா?"

"பிள்ளைக பசியா கெடந்துச்சுங்கய்யா."

"சபைக்கு முன்னால எந்திரிச்சு நின்னு, செஞ்சது தப்புன்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் உனக்குத் திருவிருந்து கெடையாது."

நான் நடுவில் புகுந்தேன். "ஐயா, பானையக் கழுவிக் குடிச்சது நான். நானே வந்து தப்புன்னு சொல்லிர்றேன்."

"நீரு யாரு ஓய்? உம்ம எதுல இருந்து விலக்குறது? உள்ள இருந்தாத்தான வெளிய தள்ள முடியும்?"

அதற்கு ஒரு பதிலை இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருவிருந்து என்றால் அவளுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? இருந்த ஒரே வெள்ளைச் சேலையை முந்தின நாளே துவைத்து, அடுப்புக்கு மேலே கொடிகட்டிக் காயப்போடுவாள். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அந்தத் துணுக்கு அப்பத்தையும் ஒரு மிடறு திராட்சை ரசத்தையும் வாங்கிவிட்டு வரும்போது, தாய்வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி இருப்பாள். எனக்காக நிஜமான தாய்வீட்டை விட்டவள். அவளுக்கு மிச்சமிருந்த ஒரு வாசல் அது. அதில் குறுக்கே நின்றீர்கள்.

அதற்குப் பிறகும் வெள்ளைச் சேலையைத் துவைத்தாள். உடுத்திக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். மற்றவர்கள் எழுந்து முன்னால் போய் முழங்காலிடும்போது இவள் குனிந்து பெரியவளின் சடையை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுவாள். வீட்டில் அடுப்பு முன்னால் அவள் வழக்கமாக முணுமுணுக்கிற பாட்டு நின்றுபோனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்த தானடி. சொல்லித் தொலச்சுட்டு வாயேன். நான்லாம் ஸ்டோர் மேஸ்திரிகிட்ட ஒரு நாளைக்கு எத்தன தப்புன்னு சொல்றேன்."

"பசிச்ச பிள்ளைக்குக் குடுத்தது தப்புன்னு என் வாயால சொன்னா, நாளைக்கு இந்தப் பிள்ள என்கிட்ட எந்தத் தைரியத்துலங்க சோறு கேக்கும்?"

மழைக்காலம் போய்ப் பனிக்காலமும் முடிந்தது. நீங்கள் இறங்கி வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் வழக்கம்போலச் சின்னவனோடும் செருப்புகளோடும் ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். குருவானவர் அப்பத்தட்டோடு நிற்கிறார். ஆண்கள் நாலைந்து பேர் போனார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் எழவில்லை. நீங்கள் கையைக் காட்டிக் கூப்பிட்டீர்கள். ஞானம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அந்தக் கஞ்சியில ரெண்டு அகப்ப எம் மகளும் குடிச்சா. எஸ்தருக்கு இல்லன்னா எனக்கும் வேணாம்யா." இன்னொருத்தி, "எம் மகனும் குடிச்சான்" என்றாள். அப்புறம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாதபடி எல்லாரும் பேசினார்கள்.

குருவானவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்ன கஞ்சி?" என்றார். அவருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. நீங்கள் சொன்னீர்கள். நியாயமாகச் சொல்கிறேன், ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. அவர் எஸ்தரைப் பார்த்து, "நீ செஞ்சது தப்புன்னு நெனைக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா. ஆண்டவர்ட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். இன்னொரு மழ வந்தாலும் எடுப்பேன்."

இப்படியா பதில் சொல்வது என்று சின்னவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குருவானவர் கீழே வைத்த தட்டை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "வாம்மா" என்றார். அவள் போனாள். பெரியவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். பின்னால் பெண்கள் எல்லாரும் போனார்கள். நீங்கள் பாட்டுப்புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தீர்கள். அது தலைகீழாக இருந்ததை ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அதன்பின் நீங்கள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. டின்னை எடுக்க வேறு ஆளை அனுப்பினீர்கள், எஸ்தர் ஒரு பிடி குறையாமல் கொடுத்தாள். பிள்ளைகள் படிப்புக்காக நாங்கள் போடிக்கு இறங்கி, பின்னால் நீங்களும் போடிச் சபைக்கே மாற்றலாகி வந்த பிறகு, கடைத்தெருவில் உங்களைப் பார்த்தால் நீங்கள் ஒரு பக்கம் திரும்புவீர்கள், நான் ஒரு பக்கம் திரும்புவேன். ஞானஸ்நானம் எடுப்பதுதானே என்று குருவானவர் கேட்டபோது, "உபதேசியாரு பக்கத்துல நிக்கிற வரைக்கும் அந்தத் தண்ணி என் மேல ஒட்டாதுங்கய்யா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

போன மாதம் உங்கள் அடக்கத்துக்கு எஸ்தர் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். மண் போட்டு முடிந்ததும் உங்கள் வீட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அந்த ஐப்பசி மழையில எங்க வீட்டுலயும் அடுப்பெரியலம்மா. அந்தப் பிடி அரிசிதான் அப்ப எங்களுக்குச் சம்பளம். வெளிய சொல்லக் கூடாதும்பாரு. உன் டின்ன நம்பித்தான் அந்தச் சேத்துல ஏறி வந்தாரு. நீ கஞ்சி குடிக்கச் சொன்னியாமே, ஒரு வாய் குடிச்சிட்டு வந்துருக்கலாம்ல? வெறும் வயித்தோட எறங்கி வந்து, தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தாரும்மா."

எஸ்தர் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, நீங்களோ மண்ணுக்குள்.

பசிக்கிறது என்று ஒரு வார்த்தை ஐயா. அதை அந்த வாசலில் சொல்லியிருந்தால், இந்த அஞ்ஞானி தன் கஞ்சிச் சட்டியை உங்கள் பக்கம் தள்ளியிருக்கமாட்டானா? எஸ்தர் கிழங்கை உரித்தே கொடுத்திருப்பாளே. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஆண்டவர் பெயரை எடுத்து வயிற்றின் மேல் போர்த்திக்கொண்டீர்கள். அதற்காக, பால் வற்றிய ஒருத்தியைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துப் பிள்ளையின் சடையைப் பின்னவைத்தீர்கள். பசித்தவர் என்று தெரியாதவரை உங்களை வெறுப்பது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! அதையும் கெடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

மன்னித்தாயிற்றா என்று எஸ்தர் கேட்கிறாள். இல்லை என்கிறேன். ஆனால் உங்கள் அடக்கத்திலிருந்து ஒன்று என்னோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் தடவை 'சாப்பிட்டாச்சு' என்று சொல்வதை நான் இப்போது நம்புவதில்லை. ஜெபிக்க வருகிறவர்கள் சொன்னால் சுத்தமாக நம்புவதில்லை.

போன வாரம் உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உபதேசியார் எங்கள் வீட்டில் ஜெபிக்க வந்தார். கல்யாணமான புதுசு, நல்ல இளவட்டம். "சாப்பிட்டாச்சுண்ணே, ஜெபம் பண்ணிட்டுக் கெளம்புறேன்" என்றார். நான் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பார்த்துக்கொண்டே நின்றேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது.