சூளையில் நான் வைத்த முட்டை

அண்ணி,

நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டாஞ்சில்லு இருக்கிறது. பாதி முட்டை ஓடு மாதிரி சின்னதாய், குழிவாய். உள்பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை. என் விரலை வைத்துப் பார்த்தால் சரியாகப் பொருந்தவில்லை. மண் வெந்தால் சுருங்கும், நானும் பத்து மாதத்தில் வளர்ந்திருக்கிறேன். ஆனாலும் என் ரேகைதான்.

வெள்ளிக்கிழமை கார்த்திகை அகலுக்குச் சூளை மூடினோம். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? போன சூளையில் உடைந்ததுதான் அடுத்த சூளைக்குப் போர்வை. கொல்லைக் குவியலிலிருந்து கூடை கூடையாய்ச் சில்லு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது கூடையில் இது.

"இன்னாடா, சில்லுக்கு ஜோசியம் பாக்குறியா? எடுத்தாடா!" என்று அப்பா கத்தினார்.

பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வேறு நாளாயிருந்தால், "உங்க சூளைக்குச் சனி எப்ப பெயர்ச்சின்னு பாக்குறேம்பா" என்று சொல்லியிருப்பேன். அன்று வாய் வரவில்லை. இந்த வாய் வர வேண்டிய நேரத்தில் வராமல் போனது அது இரண்டாவது முறை. முதல் முறை உங்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

நீங்கள் வாழ வந்த இரண்டாவது நாளே நான் ஆரம்பித்துவிட்டேன். காயப்போட்ட பானைகளுக்கெல்லாம் சுண்ணாம்பில் அப்பாவின் மீசையை வரைந்தேன். எல்லோரும் திட்டினார்கள். நீங்கள் ஒரு பானையை எடுத்து அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "மாமா, இது உங்கள விட ஒரு சுத்து கம்மி" என்றீர்கள். அப்பா சிரித்ததை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பினால் என் செருப்புக்குள் களிமண். இந்த வீட்டில் எனக்குச் சரியான ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பலகையும் கல்லுமாய் உட்கார்ந்து நீங்கள் பானை தட்டுவீர்கள். "அண்ணி, நீங்க தட்டுறதுல கெட்டி, நான் தட்டிக் கழிக்கிறதுல கெட்டி" என்பேன். "மண்ணு பெசைய வா தம்பி. உன் மண்டையில கீற மண்ணுதான் நல்ல பதமா கீது" என்பீர்கள்.

ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது தட்டுவதற்கு இல்லை. அம்மா வீட்டில் சூளை அடுக்கியது நீங்கள். கீழ் வரிசைக்கு எது, மேல் வரிசைக்கு எது, எந்த இடைவெளியில் நெருப்பு ஏறும் என்று உங்கள் அம்மா பழக்கிய கை. நம் வீட்டில் மட்டும் அப்பா கையைத் தவிர வேறு கை சூளைக்குள் போகக் கூடாது. இரண்டு வருஷம் வைக்கோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஓரத்தில் நின்றீர்கள்.

பொங்கல் பானைக்கு வந்தது உங்கள் முறை. அப்பாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு ஹைவே ஓரத்துக் கம்பெனியில் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. "நான் அடுக்கட்டுமா மாமா?" என்று கேட்டீர்கள். அப்பா ரொம்ப நேரம் தோளைத் தேய்த்துவிட்டு, "சரி" என்றார்.

அன்று சாயங்காலம் நீங்கள் அடுக்கியதை நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு பானையையும் தூக்கிக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுவீர்கள். "சில்லுனு இருந்தா உள்ள ஈரம் கீதுன்னு அர்த்தம். கை பொய் சொல்லும் தம்பி, கன்னம் சொல்லாது" என்றீர்கள். இரண்டு பானைகளைக் காயவில்லையென்று ஒதுக்கியும் வைத்தீர்கள்.

மேல் வரிசைக்குப் போகுமுன் டீ குடிக்க உள்ளே போனீர்கள். அந்த ஐந்து நிமிஷம் போதுமே எனக்கு. மிஞ்சியிருந்த பச்சை மண்ணில் இரண்டு கிண்ணம் போல் குழித்து, வாயோடு வாய் ஒட்டி ஒரு முட்டை செய்தேன். துளி இடைவெளி இல்லாமல் வழவழவென்று. கீழ் வரிசைப் பானை ஒன்றுக்குள் அதை வைத்தேன். சூளை பிரிக்கும்போது நீங்கள் எடுத்து, குலுக்கி, திகைக்க வேண்டும். "அண்ணி, உங்க பானை முட்டை போட்டிருக்கு, அடைகாத்தா பொங்கலுக்குக் குஞ்சு" என்று நான் சொல்ல வேண்டும். வசனம் வரைக்கும் தயார். குயவர் வீட்டில் பிறந்தவன், நாலு பக்கமும் மூடிய பச்சை மண்ணை நெருப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை நெருப்பு வைத்தோம். உச்சி வேளைக்குச் சூளைக்குள் 'டொம்'. பிறகு ஒன்றன்மேல் ஒன்று சரிகிற சத்தம். அப்பா தோள் வலியோடு எழுந்து நின்று, "ஈரம்" என்றார். அந்த ஒரே சொல்.

பிரித்தபோது பாதிச் சூளை சில்லு. வாலாஜாபாத் கடைக்காரர் டெம்போவோடு வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில்தான் அப்பா கேட்டார்: "ஈரப் பானைய எவளாவது சூளைக்குள்ள வெப்பாளா? கன்னம் மரத்துப் போச்சா உனக்கு?"

"இல்ல மாமா, ஒவ்வொண்ணும் பாத்துத்தான் வெச்சேன்."

"பாத்த லட்சணம்தான் தெரியுதே!"

என் காலடியில், சாம்பலுக்குள் இந்தச் சில்லு கிடந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குனிந்து எடுத்து, "நான்தாம்பா" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் செய்தது என்ன தெரியுமா? காலால் ஓரமாய்த் தள்ளிக் குவியலுக்குள் சேர்த்துவிட்டேன். அப்புறம் உங்களோடு சேர்ந்து சாம்பல் கூட்டினேன். "நீயாச்சும் கூட வந்தியே தம்பி" என்றீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் சூளைப் பக்கம் போகவில்லை. காய்ந்த பானையை எடுத்துக் கன்னத்தில் வைப்பீர்கள், எடுப்பீர்கள், மறுபடி வைப்பீர்கள். "மாமா, நீங்களும் ஒரு தபா பாருங்க" என்பீர்கள். நான் செருப்புக்குள் களிமண் தேடிப் பார்ப்பேன். இருக்காது. நாளைக்குச் சொல்லலாம், அண்ணன் லீவில் இருக்கும்போது சொல்லலாம், எல்லோரும் சிரிக்கிற நேரத்தில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஆடியில் உங்கள் கண் மஞ்சளானது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். நான் இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் ஜோக் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை வருமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமையே, சூளை மூடியதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சில்லைக் காட்டியே சொன்னேன். கையில் சேறோடு குனிந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம்.

"அன்னிக்கி அவ இன்னா சொன்னா?" என்று கேட்டார்.

"ஒவ்வொண்ணும் பாத்துத்தான் வெச்சேன்னு."

"நான் இன்னா சொன்னேன்?"

குனிந்து கூடையை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. சொல்லும்வரை நின்றார். சொன்னேன். சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தயே நான் அவ அம்மாகிட்டயும் போய்ச் சொன்னேன்டா. ஞாயித்துக்கெழம அங்க போ. போய்ச் சொல்லு" என்றார்.

நேற்று சுங்குவார்சத்திரத்தில் பஸ் இறங்கி உங்கள் அம்மா வீட்டுக்கு நடந்தேன். "வா கண்ணு, இன்னா இப்டி எளச்சிப் பூட்ட?" என்றார் அத்தை. சில்லை அவர் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதன் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார். எழுந்து உள்ளே போய் ஒரு சின்னப் பானை கொண்டுவந்தார்.

"அந்தச் சூளையில பொழச்சது. தூக்கினு வந்தா. 'யம்மா, இதுவும் கீழ் வரிசதான். நான் ஈரமா வெச்சிருந்தா இதுவும்தான போயிருக்கும்'னா. நான்தான், 'தப்பும் பண்ணிட்டுப் பேச்சா? உனக்குக் கத்துக்குடுத்தவ நான்னு வெளிய தல காட்ட முடியல'ன்னு வாய அடச்சேன். அப்பறம் அவ அந்தப் பேச்சே எடுக்கல கண்ணு."

என்னைத் திட்டவில்லை. "நீ மறச்ச, உங்கப்பன் ஏசினான், பெத்தவ நான் நம்பல" என்று மட்டும் சொன்னார். பானையை என் மடியில் வைத்தார். சில்லைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் நான்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் பானையைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு வந்தேன். "இன்னா தம்பி, பானைக்கு முத்தமா?" என்று கண்டக்டர் கேட்டார். பதில் சொல்ல நாலு வசனம் இருந்தது. பானையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

இன்று காலை அப்பா என்னைக் கூப்பிட்டு, பொங்கல் பானையை இனி நான் அடுக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், அண்ணி. யாராவது கேட்டால், இது யார் பழக்கம் என்றும், யார் அதைக் கெடுத்தது என்றும் சேர்த்தே சொல்வேன். வாலாஜாபாத் கடைக்காரரிடமும் இந்த வாரம் போய்ச் சொல்ல வேண்டும். உங்கள் எதிரில் சொல்ல மட்டும் வழியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்க பானை எல்லாம் காஞ்சுதான் இருந்தது. ஈரம் நான் வெச்சது.