பிளக் மூடிக்குள் சந்தனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்று நான் சொல்லாதது இதுதான்: ஆயுத பூஜையன்று நீங்கள் கட்டிய விமானத்துக்குப் பொட்டு வைத்தேன். வெளியே வைத்தால் துடைத்துவிடுவீர்கள் என்று, ரோட்டரி இன்ஜினின் நான்கு ஸ்பார்க் பிளக் மூடிகளுக்குள் ஈரச் சந்தனத்தைத் தடவினேன்.

அதன் வழியே ஸ்பார்க் கசிந்து இன்ஜின் விக்கியது. ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினீர்கள், பெட்ரோலை வடித்தீர்கள்.

“எல்லாம் சரியாத்தான இருக்கு ஆத்தா, ஏன் விக்குது?” என்று என்னிடம் கேட்டீர்கள்.

“பறக்காட்டி தோட்டத்துக்குத் தண்ணி எறைக்கலாம்ணே,” என்றார் மெக்கானிக் கர்ணன். நீங்கள் சிரிக்கவில்லை.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. விக்கும்வரை தரையில் இருப்பீர்கள் என்று மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்குப் பிறகு எனக்கு நீங்கள் மட்டும்தானே.

நான்காம் நாள் சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். நான் போய் மூடிகளைக் கழற்றித் துடைத்தேன்.

மறுநாள் காலை கெங்குவார்பட்டிக்கு மேலே ஆறு நிமிடம் பறந்து, இறங்கினீர்கள்.

உங்கள் மகள்