நம் ஜீப்புக்குக் கை பிரேக் வைத்துவிட்டேன்

என் அன்புச் சரசுவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். நம் பழைய ஜீப்புக்குக் கை பிரேக் வைத்துவிட்டேன்.

வேறு யாராவது படித்தால் இதெல்லாம் ஒரு செய்தியா என்று தோன்றும். உனக்குத் தெரியும். எஸ்டேட் ஏலத்தில் நாம் அந்த வண்டியை எடுத்தபோதே, கை பிரேக் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. கியரில் போட்டு நிறுத்தினாலும் பாரம் தாங்காமல் கழன்றுகொள்ளும். காந்தலூரில் சமதரை எங்கே இருக்கிறது? ஒவ்வொரு தோட்டத்திலும் காரட் மூட்டை ஏற்ற நிறுத்தும்போது நான் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பேன். நீ குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பாய். "வச்சாச்சு, காலை எடுங்க" என்று நீ சொன்ன பிறகுதான் என் கால் அசையும். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓட்டினோம். நம் ஜோடியை ஊரே மெச்சியது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

நீ போன பிறகு ஜீப் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நம் ஜெயா வந்தாள். "வித்துருங்கப்பா. இனி ஒத்தையில எப்படி ஓட்டுவீங்க?" என்றாள். மகள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வண்டியை விற்றுவிட்டு நான் என்ன செய்வது? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? முடியாது என்றேன்.

போன வியாழக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு மறையூரில் வண்டி பழுதுபார்க்கும் மேஸ்திரியிடம் போனேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பழைய வண்டியில கழட்டின பிரேக் டிரம் ஒண்ணு கிடக்கு. கியர் பெட்டிக்குப் பின்னாடி அதை மாட்டி, கேபிள் இழுத்து, லீவர் வச்சா முடிஞ்சுது. ஒரு பகல் போதும் அண்ணாச்சி. இத்தனை வருஷம் ஏன் வைக்கல?"

ஒரு பகல். கேட்டாயா சரசு? நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

லீவரைத் தாங்கும் இரும்பு சரியாகப் பொருந்தவில்லை. வெட்டினார், பற்றவைத்தார், மறுபடியும் வெட்டினார். நான்கு மணிக்குப் பத்து மூட்டை மணலை ஏற்றி, ஏற்றத்தில் நிறுத்தி லீவரை இழுத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. "நாளைக்குப் பாப்போம் அண்ணாச்சி" என்றார். "இல்ல, இன்னைக்கே பாப்போம்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கேபிளை இறுக்கினார். இரண்டாம் முறை காலை எடுத்தேன். நின்றது.

இறங்கிப் பின்சக்கரத்தருகே போனேன். அந்த இடத்தில் குனிந்த உன் முதுகை இத்தனை வருடமும் பக்கக் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அழுதுவிட்டேன். மேஸ்திரி ஸ்பானரைத் துடைக்கப் போய்விட்டார்.

நேற்று மழையில் நம் பீன்ஸ் தோட்டத்து ஏற்றத்தில் உன் தம்பி பாண்டியின் ஜீப் நின்றது. அவன் பெண்டாட்டி வசந்தா கல்லைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏலே, உன் வண்டிக்கும் ஒரு பிரேக் வையி."

அவன் சிரித்தான். "இவ இருக்கும்போது எனக்கு எதுக்கு மச்சான் பிரேக்கு?"

வசந்தாவும் சிரித்தாள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

முட்டி வலிக்கிறது, ஒரு பிரேக் வையுங்கள் என்று மூன்று மழைக்காலம் நீ என்னிடம் கேட்டாய். மூன்று தடவையும் நான் சொன்னதும் பாண்டி சொன்ன இதே பதில்தான். ஆசையாகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீயும் சிரித்தாயே, எதற்காகச் சிரித்தாய் சரசு?

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவாய். அவ்வளவு சுலபமாக எனக்கு அது வேண்டாம்.

திங்கட்கிழமை பாண்டியின் வண்டி மேஸ்திரியிடம் போகும். அவன் மறுத்தால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவேன். வீட்டுக்காரியை இறக்கிக் கல் வைக்கச் சொல்கிறவர்கள் இந்த மலையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் வாசலிலும் போய் நிற்பேன். நீ கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை மறைக்காமல் அவர்களிடம் சொல்வேன். இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
தங்கராசு