ராகுகாலத்துக்கு முன்னே ஸ்டார்ட் செய்த ட்றக்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
புரட்டாதி, திங்கட்கிழமை

அன்பு மகன் நிதுசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், அப்பாவின் வாய் எங்கள் இருவரையும் விட நலம். யெலோநைஃபில் இப்போதே பனி கொட்டுகிறதாம், உன் காதும் மூக்கும் இருந்த இடத்திலேயே இருக்க முருகன் துணை நிற்கட்டும். ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இவர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவார். அதனால் நான் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் வெளியே வரும்வரை அதற்குள் இருந்து எழுதுகிறேன். நம் ரேஸ் ட்றக்கைப் பற்றியதுதான். நேற்று அதை ஓட்டியது நான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

உனக்குத் தெரியாத சரித்திரம் இல்லை, ஆனாலும் சொன்னால்தான் நேற்று நடந்தது விளங்கும். அதாஉல்லா அங்கிள் தன் கராஜுக்கு வந்த அடிபட்ட பிக்கப் ட்றக் ஒன்றை எறிய மனமில்லாமல் வைத்திருந்தார், அதற்கு வெக்ஸ்போர்ட் மின்னல் என்று பெயர் வைத்து ரேஸ் ரீம் என்று ஒரு அணியைத் தொடங்கியவர் உன் அப்பா. மின்னல் ஒரு ரேஸையும் முடித்ததில்லை. முதல் வருடம் கழன்ற ரயர் தனியாக உருண்டு போய்க் முடிவுக் கோட்டைத் தாண்டியது, ட்றக் தாண்டவில்லை. அடுத்த வருடம் எஞ்சினை மூடும் பொனற் பறந்தது. ரேஸ் செலவுக்கு உதவ வந்தவர்கள் இரண்டே பேர். யோகமலர் அன்ரி மட்டன் ரோலாகத் தந்தார், செத்தவீட்டுச் சேவைக்காரர் ஒருவர் காசாகத் தந்தார், அவருடைய விளம்பரத்தை அப்பா ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவிலேயே ஒட்டினார். பிறகு நீ ஓட்ட வந்தாய். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தபோது கியர்பொக்ஸ் போனது. நீ இறங்கி, இது ரேஸ் ரீம் இல்லையப்பா, தள்ளுவண்டி என்று எல்லோர் முன்னும் சொன்னாய். அப்ப நீ நல்ல வண்டியாப் பாத்து ஏறு என்றார் அவர். நீ பிளேன் ஏறினாய். அன்றிலிருந்து அவர் வாயில் உன் பெயர் வரவில்லை. உம்மடை மகன் சாப்பிட்டவனாமோ, உம்மடை மகனுக்குக் குளிராமோ என்று என்னிடம் விசாரிப்பார், ஏதோ நான் உன்னைத் தனியாகப் பெற்றது போல.

நேற்று சீசனின் கடைசி ரேஸ். இதையும் முடிக்காவிட்டால் மின்னலைப் பழைய இரும்புக்குப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். போனால் போகட்டும், டிரைவ்வேயில் இடம் கிடைக்கும் என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தகரமும் போனால் உங்கள் இரண்டு பேருக்கும் சண்டை பிடிக்கக்கூட ஒன்றும் மிஞ்சாதே என்று எனக்குப் பயமாக இருந்தது. நீ போன பிறகு ஓட்டுகிறவன் அங்கிளின் மகன் இன்ஃபாஸ், அவனோ கிரிக்கெட்டில் கையை முறித்துக்கொண்டு நின்றான். ரேஸ் ஓட்டும் லைசன்ஸைப் போன வருடமே இரகசியமாக எடுத்து வைத்திருந்த நான் ஏறினேன். பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகள் கத்தாமல் ஓட்டுவது எனக்கு ஓய்வு மாதிரி.

ரேஸ் நடக்கும் ட்ராக் விட்பி ஊருக்கு அப்பால். ரேஸ் ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குப் பிறகு ராகுகாலம் என்பதால், அதற்கு முன்னே அப்பா எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டார். நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டோம், இனி நிறுத்தக்கூடாது என்று சாவிக்குக் காவல் நின்றார். ராகு பாக்கிறது ஒங்கட வேல, எண்ணெ பாக்கிறது என்ட வேல, நிப்பாட்டுங்க அண்ணே என்று அங்கிள் மன்றாடிப் பார்த்தார். போய் மாலைத் தொழுகை அசர் தொழுதுவிட்டு வந்தார், எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்ற ட்ராக்கில் விடமாட்டார்கள், நிறுத்தி ஊற்றினால் ராகுவில் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும். எங்கள் ரீமுக்கு வேறு எதிரி தேவையில்லை.

ஆனாலும் ஓடினேன். முன்னால் போனவர்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு நிற்க, ஒருவரையும் முந்தாமலே ஐந்தாவது இடத்துக்கு வந்துவிட்டேன். வளைவுகளில் திரும்பப் போவதாகக் கை காட்டினேன் என்று இன்ஃபாஸ் சொல்கிறான், அது பொய். கடைசிச் சுற்றில் முடிவுக் கொடி தெரிந்தது. பெற்றோல் தீர்ந்து மின்னல் இரண்டு முறை இருமியது, அதோடு பேச்சில்லை. பஸ்ஸில் பழகிய கால் தானாகப் பிரேக்குக்குப் போக, சட்டப்படி ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். கொடி கூப்பிடு தூரத்தில். அப்பா ஓடி வந்தார். ஏச்சு விழும் என்று நான் ஹெல்மெற்றைக் கழற்றவில்லை. அவர் கொடியைப் பார்த்தார், ட்றக்கைப் பார்த்தார், பிறகு அங்கிளிடம் சொன்னார், என்ரை பெடியன் நிதுசன் எண்டால் கியரை நியூற்றலிலை போட்டு உருட்டிக்கொண்டு போயிருப்பான் என்று. நான் ஹெல்மெற்றுக்குள்ளேயே அழுதேன் மகன்.

ட்றக் இன்னும் டிரைவ்வேயில் நிற்கிறது. எப்போது இரும்புக்குப் போடுவீர்கள் என்று இன்று காலை கேட்டேன், ராகு கழியட்டும் என்றார். டிசம்பரில் நத்தார் லீவுக்கு வா. மன்னிப்பு ஒன்றும் கொண்டுவராதே, அவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியாது. அதற்கு முன் ஒரு ஃபோன் எடு, அம்மாவுக்கு நியூற்றலில் உருட்டப் பழக்க வேண்டும் என்று தொடங்கு. அவர் பேசத் தொடங்கினால் நீ நிறுத்திவிடாதே, எங்கள் வீட்டில் ஸ்டார்ட் பண்ணியதை நிறுத்துவதில்லை. நேரம் மட்டும் பார்த்து எடு. பிள்ளைகள் வருகிறார்கள். நோய்நொடி இல்லாமல் நீடூழி இரு, தொப்பியைக் காது மூடப் போடு.

இப்படிக்கு,
ஐந்தாவதாக வந்துகொண்டிருந்த உன் அம்மா
குணவதி இரத்தினவேல்