இமை அசையாத வேடம்

அப்பா,

ஈப்போ ஆஸ்பத்திரியில் நேற்று என் முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் போன்ற இயந்திரத்துக்குள் இருபது நிமிடம் கிடந்தேன். வெளியே இழுத்ததும் அங்கிருந்த தமிழ்ப் பெண் சிரித்தாள்.

"மத்தவங்க மூக்க சொறிவாங்க, இருமுவாங்க அங்கிள். நீங்க கட்ட மாதிரி கெடந்தீங்களே. எங்க பழகுனீங்க?"

உங்களிடம் என்று சொல்லவில்லை. "வயசாச்சும்மா" என்றேன்.

தாப்பாவுக்குப் பக்கத்தில் நாம் இருந்த ரப்பர் தோட்டத்தில் திருவிழாதோறும் உங்கள் நாடகம். பெண்கள் மேடையேறாத காலம். தாய் வேடம் உங்களுக்கு. ஆற்றில் மூழ்கிச் சாகும் மகன் வேடம் எனக்கு. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை நான் சாகாத ஆண்டில்லை. ஒத்திகையென்றால் தொழிலாளர் லயத்தில் நம் வீட்டுச் சிமெண்டுத் தரையில் கிடப்பேன். நீங்கள் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு என்னைச் சுற்றி நடப்பீர்கள். இமை துடித்தால் ஓர் அடி. அந்த அடி வலித்து அசைந்தால் இன்னொன்று. அம்மா ஒருமுறை குறுக்கே வந்தார்.

"புள்ளய விடுங்க, பாவம்."

"செத்தவனுக்கு வலிக்குமாடி?" என்றீர்கள். அவருக்கும் விழுந்தது.

இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. இரண்டு முறை கிழித்துவிட்டேன். ஆனால் எழுதுவதென்றால் மற்றதையும் எழுத வேண்டும். மேடையில், சேலை கட்டிக்கொண்டு, என்னை மடியில் கிடத்திக் கன்னத்தைத் தடவுவீர்கள். தலைமுடியைக் கோதுவீர்கள். "என் ராசா, கண்ணத் தொறடா" என்று கதறுவீர்கள். வீட்டில் அந்தக் கை என்னை அப்படித் தொட்டதே இல்லை. ஆண்டு முழுவதும் அதற்காகத்தான் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் அது நின்றுவிடும்.

பத்து வயதில் ஒருமுறை திறந்தேன். அந்த அழுகை உண்மைதானா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. கண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பார்வை என்மேல் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, தோட்ட ஆபீஸை நடத்தும் பெரிய கிராணியின் முகத்தில் இருந்தது. கேஸ் விளக்கு வெளிச்சத்தில் நான் தவறாகப் பார்த்திருக்கலாம். அறுபது ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். உடனே உங்கள் கை என் கண்களை மூடியது. கூட்டத்துக்கு அது தாய்ப்பாசம். உங்கள் நகம் பதிந்த தழும்பு இமைமேல் இன்னும் இருக்கிறது.

நீங்கள் இறந்து கிடந்தபோது எல்லாரும் அழுதார்கள். நான் உங்கள் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஸ்கேன் முடிந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததும் என் மனைவி நெற்றியில் கை வைத்தாள். என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. மூச்சு நின்றது. யார் அன்பாகத் தொட்டாலும் எனக்கு இப்படித்தான். "தொட்டாலே செத்த பாம்பா ஆயிடுறாரு, என்னைய புடிக்கல போல" என்று கல்யாணமான புதிதில் தன் அக்காவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. இன்றுவரை அவளிடம் காரணம் சொன்னதில்லை.

"என்னங்க, கண்ணத் தொறங்க" என்றாள்.

அது உங்கள் வசனம், அப்பா. அதைக் கேட்டால் திறக்கக் கூடாது என்று என் உடம்புக்குத் தெரியும். அவள் கை இன்னும் நெற்றியில்தான் இருந்தது. எடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் அசையாமல் இருந்தேன்.