நீங்க மறைச்ச கண்ணழுத்தம்

அப்பாவுக்கு மகனோட வணக்கம். உங்க உடம்பு எப்படி இருக்கு? அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சுதா? நான் நல்லாத்தான் இருக்கேன், கோபம் மட்டும்தான் அடங்கலை.

போன வாரம் கிடங்குல சரக்கு வண்டி ஓட்டும்போது இடப்பக்கத் தூணை இடிச்சுட்டேன். அடியில்லை, ரெண்டு பெட்டி நசுங்குச்சு, அவ்வளவுதான். "இவ்வளவு பெரிய தூணு தெரியலையா?"ன்னு மேலாளர் கண் டாக்டர்கிட்ட அனுப்பினார். கண்ணழுத்தம் அதிகமாம், கிளாக்கோமாவாம். ஓரப் பார்வை கொஞ்சம் போயிருக்கு, போனது திரும்பாதாம். "வீட்டுல யாருக்காவது இருக்கா?"ன்னு டாக்டர் கேட்டார். இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன்.

தங்கச்சிக்குப் போன் பண்ணினா அழறா. நாலு வருஷமா உங்களுக்கு இருக்காம். "அண்ணன்கிட்ட மூச்சு விடாதே, கவலைப்படுவான்"ன்னு சொன்னீங்களாம். அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே நானும் கண்ணைக் காட்டியிருப்பேனேப்பா! போதாததுக்கு, பார்வை நல்லா இருக்குன்னு சொட்டு மருந்தையும் நிறுத்திட்டீங்களாமே? எனக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது, தூண்ல இடிக்கிற வரைக்கும்!

நாளைக்கே டாக்டரைப் பார்த்து மருந்தைத் திரும்ப ஆரம்பிங்க. தங்கச்சியையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. சொட்டு மருந்தை எப்படிக் கண்ணுக்குள்ள விடறீங்கன்னு எழுதுங்க. எனக்குப் பாதி கன்னத்துல வழியுது, இமையைப் பிடிச்சுவிட இங்க ஆளில்லை.

வேலைக்கு மணி அடிச்சுட்டாங்க. என் கண்ணு விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு மேல ஒரு வரி எழுதி, கோடு போட்டு அடிச்சிருக்கேன் பாருங்க. அம்மாகிட்டயும் சொல்லிடுங்கப்பா.

உங்க மகன்